ஊர் கூடி மீட்கும் பார்வை

தவிர்க்கக்கூடிய பார்வை இழப்பை ஒழிக்க ஊர்மக்கள் திரட்டும் நிதி எங்கே செல்கிறது? அந்த நிதியோடு சேர்த்து, சிகிச்சை பெற்றவர்கள் மட்டுமே தரக்கூடிய கொடை எது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரில் ஒரு துணிப் பதாகை கட்டப்பட்டிருக்கிறது. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம், ஒரு கண் மருத்துவமனை, உள்ளூர்ச் சங்கம் ஒன்று ஆகிய மூன்றும் இணைந்து நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று அதில் எழுதியிருக்கிறது. உள்ளே வகுப்பறை மேசைகள் வரிசையாகப் போடப்பட்டுள்ளன. ஓர் அறையில் பதிவு, அடுத்த அறையில் பார்வைப் பரிசோதனை, அதற்கடுத்து மருத்துவர், கண்ணின் நீர் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, இறுதியில் ஆலோசனை என்று முதியவர்கள் ஒவ்வொரு மேசையாகக் கடந்து செல்கின்றனர். வெயில் ஏறும்போது வேப்பமரத்தடியில் மோர் வழங்கப்படுகிறது. பிற்பகலில், கண்புரை முற்றியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து நகரத்து மருத்துவமனைக்குப் புறப்படுகிறது.

தமிழ்நாட்டில் வாழும் எவருக்கும் இக்காட்சி புதிதன்று. நம் வாசகர்களில் சிலர் இத்தகைய பேருந்தில் வந்தே சிகிச்சை பெற்றிருப்பீர்கள். வேறு சிலர் தாயையோ தந்தையையோ அதில் ஏற்றி அனுப்பியிருப்பீர்கள். ஆயினும், அந்தப் பேருந்தில் ஏறியவர்களைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, ஏறாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பொதுமக்கள் திரட்டும் நிதியின் உண்மையான பயனை அறிய வேண்டுமானால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தவிர்க்கக்கூடியது என்றால் என்ன?

பார்வை இழப்பு அனைத்தும் ஒரே தன்மையது அன்று. சிலவற்றை வருமுன் காக்கலாம். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சத்துக் குறைவால் ஏற்படும் கருவிழிப் பாதிப்பு அவ்வகையைச் சேர்ந்தது. சிலவற்றை வந்தபின் நீக்கலாம். கண்புரையும் கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறைபாடுகளும் அவ்வகை. இன்னும் சிலவற்றை மீட்க இயலாது; ஆனால் உரிய காலத்தில் கண்டறிந்தால் எஞ்சியுள்ள பார்வையைக் காப்பாற்றலாம். கண் நீர் அழுத்த நோயும், சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பும் அவ்வகை. இவை மூன்றையும் சேர்த்தே தவிர்க்கக்கூடிய பார்வை இழப்பு என்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது என்றது. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் விடப்பட்டது என்றும் அது குறிப்பிட்டது. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தவர்களிடையே பார்வை இழப்புக்கான காரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையே ஆகும்.

கண்புரை என்பது கண்ணின் உள்ளே இருக்கும் இயற்கையான லென்ஸ் தன் தெளிவை இழந்து மங்கிப்போவது. மங்கிய லென்ஸை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் செயற்கை விழிலென்ஸ் பொருத்துவதே சிகிச்சை. பெரும்பாலோருக்குக் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிடங்களில் இதனைச் செய்து முடிக்கின்றனர். இவ்வளவு எளிதான தீர்வு இருந்தும், ஒருவர் ஆண்டுக்கணக்கில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார் என்றால், குறை அறுவை அரங்கில் இல்லை. அவருக்கும் அந்த அரங்கிற்கும் இடையே உள்ள தொலைவில் இருக்கிறது.

மதுரையில் தொடங்கிய ஒரு வழி

இந்தத் தொலைவைக் குறைக்கும் முயற்சியில் நம் மண்ணுக்குத் தனி வரலாறு உண்டு. மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1960களிலேயே தம் குழுவினருடன் கிராமங்களுக்குச் சென்று கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் வளைந்திருந்தன. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைக் கொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளை அவர் செய்தார்.

பணி ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. ஓய்வெடுக்க வேண்டிய அந்தக் காலத்தில், 1976இல், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். போதிய மூலதனம் இல்லை. உடன்பிறந்தோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் நகைகளை அடகு வைத்தே முதற்கட்டச் செலவுகளைச் சமாளித்தனர். பார்வை இழப்புக் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியதும் அதே 1976ஆம் ஆண்டில்தான்.

அம்மருத்துவமனை கண்டறிந்த முறை இன்று பல நாடுகளில் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கட்டணம் செலுத்த இயன்றவர்கள் செலுத்துகின்றனர். அந்த வருவாயிலிருந்து, இயலாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கப்படுகிறது. இவ்விரு சாராருக்கும் சிகிச்சை அளிப்பவர்கள் அதே மருத்துவர்களே. முகாம் வழியாக வருவோரின் அறுவை சிகிச்சைக்கு அரசுத் திட்டமும் மானியம் அளிக்கிறது. செயற்கை விழிலென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வாங்கப்பட்டது. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கப்பட்டு, அதனை மிகக் குறைந்த விலைக்கு உற்பத்தி செய்தது. அதன்பின் ஏழைகளுக்கும் லென்ஸ் பொருத்துவது வழக்கமாயிற்று. அதற்கு முன்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தடித்த கண்ணாடி அணிந்து நடமாடிய பாட்டிமார்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்வாறு சிகிச்சைக்கான செலவு ஓரளவு தீர்ந்தது. அப்படியானால் ஊர்மக்களின் நிதிக்கு இனி என்ன வேலை?

இலவசம் என்ற சொல் போதவில்லை

இக்கேள்விக்கு விடை தரும் இரண்டு ஆய்வுகள் தென்னிந்தியக் கிராமங்களில் நடந்தன. அவற்றுள் ஒன்று 1999இல் வெளியாயிற்று. கண்ணில் குறைபாடு உள்ள பெரியவர்களுள் எத்தனை பேர் முகாமுக்குச் செல்கின்றனர் என்று அது கேட்டது. கிடைத்த விடை, முகாம்களை நடத்தி வந்தவர்களையே திகைக்கச் செய்தது: நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே சென்றிருந்தனர். பள்ளிக்கூடத்து வாசலில் நீண்ட வரிசை நிற்பதைக் கண்டு, ஊரே வந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம். வராதவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் அவர்களை நாம் எண்ணவில்லை.

ஏன் வரவில்லை? முகாம்களில் பணியாற்றிய எவரும் இக்காரணங்களைக் கேட்டிருப்பர். அறுவை சிகிச்சை இலவசம்தான்; ஆனால் முகாம் நடக்கும் ஊருக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். தனியே செல்லக் கண் தெரியாது. உடன் வருபவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆடு மாடுகளை யார் பார்ப்பது? பேரக்குழந்தையை யாரிடம் விடுவது? அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும், வெயில் தணியட்டும். இவற்றுக்கெல்லாம் அடியில் அச்சம் ஒன்றும் இருக்கிறது: கத்தி வைத்தால் இருக்கிற மங்கல் பார்வையும் போய்விடுமோ? அதற்கும் கீழே, வெளியில் சொல்லாத ஒரு சொல் உண்டு: இந்த வயதில் எனக்கு எதற்குச் செலவு?

இறுதியாகச் சொன்னது மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில், அதை முதியவர்கள் தாமாகச் சொல்வதில்லை. வீட்டில் நிலவும் மௌனத்திலிருந்து கற்றுக்கொள்கின்றனர். குறிப்பாகப் பெண்கள். தந்தையின் கண்ணுக்கு உடனே வண்டி பேசும் குடும்பம், தாயின் கண்ணுக்கு அடுத்த முகாம் வரட்டும் என்று காத்திருப்பதை நாம் காணாமல் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குப் பார்வை எதற்கு என்று எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் அடுப்பில் கை சுட்டுக்கொள்பவரும், படியில் தவறி விழுபவரும், அரிசியில் கல் பொறுக்க இயலாமல் மருமகளிடம் பேச்சு வாங்குபவரும் வீட்டுக்குள் இருப்பவர்தாம்.

1991இல் வெளியான மற்றோர் ஆய்வு, எது அவர்களைப் புறப்படச் செய்கிறது என்று பார்த்தது. வெவ்வேறு கிராமங்களில் வெவ்வேறு முறைகள் கையாளப்பட்டன. சில இடங்களில் பொது அறிவிப்பு. சில இடங்களில் வீடு வீடாகச் சென்று பேசுதல். சில இடங்களில் சிகிச்சை மட்டும் இலவசம். சில இடங்களில் உணவு, போக்குவரத்து உட்பட அனைத்தும் இலவசம். செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டதும், முன்பு கண்புரைச் சிகிச்சை பெற்ற ஒருவரே வீட்டுக்கு வந்து பேசியதும் நல்ல பலன் தந்தன என்று ஆய்வு காட்டியது.

இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் திரட்டும் நிதியின் இடம் தெளிவாகிறது. அது முதன்மையாக அறுவை சிகிச்சைக்கான பணம் அன்று. வீட்டுத் திண்ணைக்கும் அறுவை அரங்கிற்கும் இடையே உள்ள பாதைக்கான பணம்.

ஊர் தருவது எப்படி

முகாமைப் பொறுப்பேற்று நடத்தும் உள்ளூர் அமைப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இடம் ஏற்பாடு செய்கிறது. துண்டறிக்கை அச்சிடுகிறது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறது. மருத்துவக் குழுவினருக்கும் நோயாளிகளுக்கும் உணவளிக்கிறது. வரிசையை ஒழுங்கு செய்யவும், கண் தெரியாதவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் தன்னார்வலர்களை நிறுத்துகிறது. மருத்துவர்கள், கருவிகள், பேருந்து, அறுவை சிகிச்சை, தங்குமிடம் ஆகியவற்றை மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முனைவதில்லை. இம்முறை நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்பணிக்கு அரிமா சங்கங்கள், ரோட்டரி சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள், தேவாலயங்கள், ஜமாஅத்துகள், வணிகர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் எனப் பலரும் முன்வருகின்றனர். ஆயினும், பெரிய அமைப்பு இருந்தால்தான் முடியும் என்பதில்லை. மளிகைக் கடைக்காரர் ஒரு மூட்டை அரிசி தருகிறார். பந்தல்காரர் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். தேநீர்க் கடைக்காரர் காலைத் தேநீரை ஏற்றுக்கொள்கிறார். திருவிழாக் கணக்கில் மிஞ்சிய தொகையை ஊர்ப் பெரியவர்கள் ஒதுக்குகின்றனர். மணிவிழாவையும் பெற்றோரின் நினைவு நாளையும் முன்னிட்டுச் சிலர் ஒரு முகாமின் செலவை ஏற்கின்றனர். வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் சொந்த ஊரின் பெயருக்குத் தொகை அனுப்புகின்றனர்.

பிடியரிசி என்னும் பழைய வழக்கம் நமக்கு உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பதும், மாதம் முடிந்ததும் தெருவில் உள்ள அனைவருடையதையும் சேர்த்து அறச்செயலுக்கு அளிப்பதும் அதன் முறை. எந்த வீட்டுக்கும் அது சுமையாகத் தெரிவதில்லை. அதே சமயம், ஏழை வீடும் கொடுத்த வீடாகிவிடுகிறது. முகாமுக்கு உணவளிக்க இதனைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. தன் அரிசி வெந்த முகாமுக்குத் தன் தாயை அழைத்து வர எவரும் கூச்சப்படுவதில்லை.

உலக அளவிலும் இவ்வாறே பலருடைய சிறு தொகைகள் சேர்ந்தே பெரும் பணிகள் நடந்தன. பார்வையும் செவித்திறனும் இழந்த ஹெலன் கெல்லர், 1925இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கூடிய அரிமா சங்க மாநாட்டில் உரையாற்றி, பார்வையற்றோருக்காகப் பாடுபடுமாறு கேட்டுக்கொண்டார். அரிமா சங்கங்கள் அதனைத் தம் முதன்மைப் பணியாக ஏற்றுக்கொண்டன. பன்னிரண்டாம் வயதில் பள்ளி ஆய்வகத்து விபத்தில் பார்வை இழந்த ஜான் வில்சன் என்னும் ஆங்கிலேயர், 1950இல் தொடங்கிய சங்கம் இன்று சைட்சேவர்ஸ் என்று அறியப்படுகிறது. மதுரையின் தொடக்ககால முகாம்களுக்கும் அச்சங்கம் துணை நின்றது. தொலைவில் யாரோ உண்டியலில் இட்ட காசு, ஏதோ ஒரு தமிழ்க் கிராமத்துக் கண்ணைத் திறந்தது. இன்று நம் ஊரின் தேவையை நம் ஊரே பெருமளவு ஏற்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

நிதி திசை மாறும் இடங்கள்

நல்ல நோக்கத்துடன் திரட்டிய பணமும் தவறான இடத்தில் செலவாகக்கூடும். முகாம்களில் காணும் சில குறைகளை வெளிப்படையாகச் சொல்வது நன்மையே பயக்கும்.

முதலாவது, மேடை. வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் நீண்டுகொண்டிருக்க, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்த சர்க்கரை நோயாளிகள் வெயிலில் காத்திருப்பது முறையன்று. பதாகைக்கு ஆகும் செலவைவிட, நடக்க இயலாதவரை வீட்டிலிருந்து அழைத்து வரும் ஆட்டோவுக்கு ஆகும் செலவு பயனுள்ளது.

இரண்டாவது, நிழற்படம். கண்ணில் கட்டுடன் இருக்கும் முதியவரை நன்கொடையாளர்களுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுக்குமுன், அவருடைய இசைவைக் கேட்க வேண்டும். சிகிச்சை அவருடைய உரிமை; நன்றிக்கடனாக அவருடைய முகத்தைக் கேட்பது நியாயமாகாது.

மூன்றாவது, எண்ணிக்கை. இத்தனை பேருக்குப் பரிசோதனை என்ற எண் செய்தித்தாளில் வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களுள் எத்தனை பேர் பேருந்தில் ஏறினர், ஏறாதவர்கள் ஏன் ஏறவில்லை, ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் மறுபரிசோதனைக்கு வந்தனர் என்பவையே உண்மையான எண்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்தை ஒழுங்காக விடாமையும் மறுபரிசோதனைக்கு வராமையும் நல்ல பலனைக் கெடுக்கும். ஆகவே, நிதியில் ஒரு பகுதியை மறுபரிசோதனை நாளின் போக்குவரத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது நன்று.

நான்காவது, இடம். முற்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தற்காலிக அரங்கு அமைத்து அறுவை சிகிச்சை செய்தனர். கிருமித் தொற்று அபாயத்தால் அம்முறை கைவிடப்பட்டது. முகாமில் பரிசோதனை மட்டுமே நடக்க வேண்டும். அறுவை சிகிச்சை முறையான மருத்துவமனை அரங்கில்தான் நடக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே செய்துவிடுங்கள் என்று எவரும் வற்புறுத்தலாகாது.

கண்புரைக்கு அப்பால்

கண்புரை முகாமின் வெற்றியை ஊரார் கண்ணால் காண்கின்றனர். கட்டைப் பிரித்ததும் பேரனின் முகம் தெரிகிறது. அதனால் நன்கொடையும் எளிதில் கிடைக்கிறது. ஆனால் ஓசையின்றிப் பார்வையைப் பறிக்கும் நோய்களுக்கு இத்தகைய காட்சி இல்லை. அங்கே வெற்றி என்பது எதுவும் நிகழாமல் இருப்பது. அதற்குப் பணம் திரட்டுவது கடினம். ஆயினும் தேவை அங்கும் உண்டு.

கண் நீர் அழுத்த நோய் தொடக்கத்தில் வலியோ மங்கலோ தருவதில்லை. பக்கப் பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, நோயாளி உணரும்போது பெரும் பகுதி போயிருக்கும். போனது மீளாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. நீங்கள் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுபவராயின், உங்கள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, பிள்ளைகள் அனைவரையும் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்பாவையை விரிவடையச் செய்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண் மங்கிய பின் வரலாம் என்று காத்திருப்பது இங்கே பொருந்தாது. ஊர்ச் சங்கங்கள் விழித்திரைப் பரிசோதனைக்கென்றே தனி முகாம் நடத்த முன்வரலாம்.

குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. கரும்பலகை தெரியாத சிறுவன் அதனைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறான். படிப்பில் மந்தம் என்ற பெயர் அவனுக்கு வந்துவிடுகிறது. ஒரு மூக்குக்கண்ணாடி அவனுடைய வாழ்க்கையை மாற்றிவிடும். பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் உள்ளது. விடுபட்டவர்களைக் கண்டறிந்து அத்திட்டத்தோடு இணைப்பதும், உடைந்த கண்ணாடிக்கு மாற்று வாங்கித் தருவதும் ஊராரால் எளிதில் ஆகக்கூடியவை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறையின்றி வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். 34 வாரங்களுக்கு முன்போ, 2 கிலோகிராமுக்கும் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். தொலைவிலிருந்து வரும் ஓர் இளம் தாய்க்கு அந்த ஒரு பயணத்துக்கான வண்டிச் செலவைத் தருவது, குழந்தையின் வாழ்நாள் பார்வையைத் தருவதாகும்.

உங்களிடம் உள்ள கொடை

இப்போது நம் வாசகர்களாகிய உங்களிடம் வருவோம். நீங்கள் நோயாளி, அல்லது நோயாளிக்குத் துணையாக இருப்பவர். மருத்துவச் செலவுகளுக்கு நடுவே நன்கொடை அளிக்கும் நிலையில் இல்லாதிருக்கலாம். அதற்காக வருந்த வேண்டாம். மேலே சொன்ன ஆய்வை நினைவுகூருங்கள். வீட்டுக்கு வந்து பேசியவர் மருத்துவர் அல்லர். அதே அறுவை சிகிச்சையைத் தாமே செய்துகொண்ட ஒருவர்.

கத்தி வைத்தால் பார்வை போய்விடுமோ என்று அஞ்சும் மூதாட்டிக்கு மருத்துவரின் விளக்கம் ஓரளவே உதவும். அவர் கேட்க விரும்புவது வேறு. வலித்ததா? எவ்வளவு நேரம் படுத்திருந்தாய்? உன்னோடு யார் இருந்தார்கள்? சாப்பாடு தந்தார்களா? இப்போது ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? இக்கேள்விகளுக்கு உண்மையான விடை உங்களிடம்தான் இருக்கிறது. எதிர்பார்த்த அளவு பார்வை உங்களுக்குத் திரும்பாமல் இருந்தால், அதனையும் மறைக்காமல் சொல்லுங்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது விழித்திரையும் நரம்பும் இருக்கும் நிலையைப் பொறுத்தது. உண்மையைச் சொல்பவரின் சொல்லுக்கே மதிப்பு உண்டு.

ஆகவே, சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் கண் மங்கியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பகலிலும் வாசலை விட்டு இறங்காதவர், குரலைக் கேட்டே ஆளை அறிபவர், விசேஷ வீடுகளுக்கு வருவதை நிறுத்திவிட்டவர் ஒருவரேனும் இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் அமருங்கள். அடுத்த முகாம் நாளில் அவருடைய கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அவருடைய ஆடுகளை அன்றொரு நாள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். எந்த நன்கொடைப் பட்டியலிலும் இது இடம்பெறாது. எனினும், நூற்றுக்கு ஏழு என்ற அந்த எண்ணை எட்டாக்குவதும் பத்தாக்குவதும் இப்படித்தான்.

துணையாக இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கண்ணில் பார்வை வந்துவிட்டதே என்று அடுத்த கண்ணை மறந்துவிடாதீர்கள். மறுபரிசோதனை நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டில் உள்ள பெண்களின் கண்ணைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

பார்வை திரும்பிய ஒருவர் திண்ணையிலிருந்து இறங்கித் தெருவில் நடக்கும்போது, அவரை அழைத்துச் சென்றவர், அரிசி தந்தவர், பேருந்தை ஓட்டியவர், மருத்துவர் என்று பலர் அவருடன் நடக்கின்றனர். நாளை அவரும் மற்றொருவரின் கையைப் பிடிப்பார்.

முகாமுக்கு நிதி திரட்ட விரும்புவோர் கவனத்திற்கு

1. பணம் திரட்டுமுன் மருத்துவமனையின் முகாம் பிரிவையும் மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தையும் அணுகுங்கள். என்ன தேவை, எந்த நாள் ஏற்றது என்பதை அவர்களே சொல்வர்.

2. பொருளாளர் ஒருவரை நியமித்து, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுங்கள். முகாம் முடிந்ததும் வரவு செலவை ஊர்ப்பொது இடத்தில் ஒட்டுங்கள்.

3. நோயாளிகளிடமோ அவர்களுடைய குடும்பத்தாரிடமோ முகாம் இடத்தில் பணம் கேட்காதீர்கள். உண்டியல் வைப்பதையும் தவிர்த்திடுங்கள்.

4. துண்டறிக்கையில் பெரிய எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். அடையாள அட்டையின் நகல், உட்கொள்ளும் மருந்துகள், தங்க நேர்ந்தால் மாற்று உடை ஆகியவற்றைக் கொண்டுவருமாறு தெளிவாகக் குறிப்பிடுங்கள். கண் மங்கியவர் துண்டறிக்கையைப் படிக்க இயலாது. ஆகையால் வீடு வீடாகச் சென்று சொல்வதே முதன்மை.

5. நடக்க இயலாதவர்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

6. மறுபரிசோதனை நாளுக்கான செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு

கண்ணில் கடும் வலி, சிவப்பு, சீழ், பார்வை திடீரெனக் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் தாய்ப்பால், இலைச்சாறு, எண்ணெய் எதையும் விடாதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைக் கைகளைக் கழுவிய பின், குறிப்பிட்ட நாள் வரை தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

பணமின்றித் தரக்கூடிய மற்றொரு கொடை

கருவிழி பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிறருடைய கருவிழியே பார்வை தரும். கண் தானம் இறப்புக்குப் பின் செய்வது. எந்த வயதினரும் செய்யலாம். கண்ணாடி அணிந்தவரும், கண்புரைச் சிகிச்சை பெற்றவரும் செய்யலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். ஆகவே குடும்பத்தினர் உடனே அருகிலுள்ள கண் வங்கிக்குத் தகவல் தர வேண்டும். அதுவரை இறந்தவரின் இமைகளை மூடி, அவற்றின் மீது ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர்கள் அவர்களே.